6 ஓம் ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்குறது?

வணக்கம் மக்களே, கோயம்புத்தூர்ல இருந்து எழுதுறேன். எலாக் டெபியூ பி6.2 ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கு, இம்பீடன்ஸ் (மின்தடை மாதிரி) 6 ஓம், சென்சிட்டிவிட்டி (குடுக்கிற பவருக்கு வர்ற சத்த அளவு) 87 டிபி. பத்து வருஷப் பழைய ஏவி ரிசீவர்ல (ஹோம் தியேட்டர் ஆம்ப்) ஓட்டுறேன். ரெண்டு மாசமா வால்யூம் பாதி தாண்டினதும் உள்ள ரிலே (பாதுகாப்பு சுவிட்ச்) டக்குனு அடிச்சு சத்தம் கட் ஆகுது, ஸ்டாண்ட்பை லைட் மினுக்குது. ராஜா சார் பாட்டுல பேஸ் கிட்டார் இறங்குற இடத்துல கரெக்டா நிக்குது, அதான் தாங்க முடியல.

ஸ்பீக்கர் வயர் மாத்திட்டேன், முனைல பிசிறு எதுவும் ஒட்டல, தூசி ஊதி மேல ஃபேன் வச்சும் பார்த்தாச்சு, பழைய 8 ஓம் ஸ்பீக்கர் போட்டா மட்டும் நிக்காம ஓடுது. மெக்கானிக் ரிசீவரோட அவுட்புட் ஸ்டேஜ் (ஸ்பீக்கருக்கு பவர் குடுக்கிற பகுதி) வீக்னு சொல்றாரு, அந்தப் பார்ட் ஒரிஜினலா கிடைக்காதாம்.

ரூம் 14க்கு 12 அடி. டிவி சத்தம் ஆப்டிகல் கேபிள்ல வரணும், அப்பாவோட ரெக்கார்ட் பிளேயருக்கு ஃபோனோ இன்புட் வேணும், சரவுண்ட் வேண்டாம். யமஹா ஏ-எஸ்501 (8 ஓம்ல 85 வாட்), டெனான் பிஎம்ஏ-600என்இ (45 வாட்) ரெண்டுலயும் இது எல்லாம் இருக்கு. இந்த ஸ்பீக்கரை நல்ல சத்தத்துல மணிக்கணக்கா ஓட்ட டெனானோட 45 வாட் போதுமா, இல்ல யமஹாவுக்கே போகணுமா?