விக்டோரியா பப்ளிக் ஹாலில் மறுபடி நாடகம் போடலாமா?

நாடகக்கொட்டகை:
சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவில் நிற்கிற விக்டோரியா ஹாலை வெறும் கண்காட்சிக்கூடமாக வைத்தால் போதும் என்கிற பேச்சை நான் ஏற்கவில்லை. ஊர் கூடுவதற்காகவே எழுப்பிய இடம் அது. 1883இல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் வைத்தார். வடிவமைப்பு சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. பீப்பிள்ஸ் பார்க்கில் 57 கிரவுண்டை, கிரவுண்டுக்கு வருடம் எட்டணா வீதம் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஆண்டுக்கு இருபத்தெட்டரை ரூபாய்! பொதுக்காரியம் என்பதால்தான் அந்த விலை. சுகுண விலாச சபை நாடகம், 1896இல் போட்டோக் கடைக்காரர் ஸ்டீவன்சன் காட்டிய சலனப்படம், 1897இல் விவேகானந்தர் பேச்சு எல்லாம் அங்கேதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் இந்த வரலாறு அதோடு நின்றுவிடும்.

சுண்ணாம்புக்காரை:
வரலாறு சரி. ஆனால் அந்தச் சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் காலத்து நாடகத்துக்கு ஏசி கிடையாது, தொங்கும் விளக்குச் சட்டம் கிடையாது. இது செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர். ஈரத்தை உறிஞ்சும், திரும்ப வெளியே விடும். கூடத்தை 22 டிகிரிக்குக் குளிரவைத்தால் வெளியே இருக்கிற சென்னைக் காற்றின் ஈரம் சுவருக்குள் போய் நீராகப் படியும். உப்பு பூக்கும், செங்கல் முகம் உரியும். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் பூசியிருந்தால் இன்னும் வேகமாக.

நாடகக்கொட்டகை:
அதற்கு ஏசி வேண்டாம் என்று சொல்லுங்கள், நாடகம் வேண்டாம் என்று ஏன் சொல்கிறீர்கள்? வடக்கிலும் தெற்கிலும் வளைவு வைத்த தாழ்வாரம் காற்றுக்காகத்தான்.

பூங்காநகர்:
ஜன்னலைத் திறந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஹாரன் மேடைக்கு வரும், மூடினால் வெக்கை. ஞாயிறு மாலையும் டிசம்பர், ஜனவரியும் மட்டும் வைத்துப் பாருங்கள். ஏசி இல்லாமலே தாங்கும். மேடையில் பெரிய ஸ்பீக்கர் வேண்டாம். செங்கல் கூடத்தில் எதிரொலி நீளும், வசனம் குழையும். பக்கவாட்டில் மெல்லிய ஸ்பீக்கர்களைச் சிறு ஒலியில் வரிசையாக வைத்தால் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும்.

சுண்ணாம்புக்காரை:
கூட்டத்தின் எடையை யாரும் பேசவில்லை. கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு கூடம், தலா 600 பேர். கிழக்கு முனை மரக் கேலரியில் இன்னும் 200 பேர். ஆளுக்கு 65 கிலோ என்றாலே 13 டன். இருக்கை நிலையாக உள்ள அரங்கத்துக்கு இந்தியத் தரவிதி சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் (சுமார் 400 கிலோ எடை) தாங்கும் தளம் கேட்கிறது, நாற்காலியை நகர்த்தலாம் என்றால் 5. பழைய மரத்தில் முதலில் கெடுவது நடுப்பகுதி அல்ல, சுவருக்குள் செருகிய உத்திர முனை. அங்கே சிமெண்ட் பூச்சு அடைத்தால் காற்று போகாமல் உள்ளேயே மக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு முனையையும் சுத்தியலால் தட்டி, ஊசிக்கம்பி குத்தி, மெல்லிய துளைக் கருவி இறங்கும்போது மரம் தரும் எதிர்ப்பை அளந்து பார்த்த பிறகே ஆள் ஏற்ற வேண்டும்.

நாடகக்கொட்டகை:
கேலரியைப் பூட்டி வைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். கீழ்க் கூடம்?

சுண்ணாம்புக்காரை:
கீழ்க் கூடத்துக்கு எதிர்ப்பில்லை. விளக்கைச் சுவரில் போல்ட் அடிக்காமல் தரையில் தனியாக நிற்கும் சட்டத்தில் மாட்டினால் சரி. பூச்சு உரிந்த இடத்தில் அவசரத்துக்குச் சிமெண்ட் அப்பக் கூடாது. நீர்த்த சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் கலந்து மெல்லிய படையாகப் பூச வேண்டும். ஒரு படை இறுகுவதற்குள் அடுத்ததை ஏற்றினால் வெடிக்கும். நிகழ்ச்சித் தேதி நெருங்குகிறது என்று இந்த வேலையைச் சுருக்குவார்களோ என்பதுதான் என் பயம்.

நாடகக்கொட்டகை:
அப்படியென்றால் பூச்சு வேலை நடக்கிற மாதங்களில் கூடத்தை வாடகைக்கே விடக் கூடாது என்று விதியிலேயே எழுதட்டும். மீதி மாதங்களை நாடகத்துக்குக் கொடுங்கள். கண்காட்சி மேல் தளத்தில் இருக்கட்டும்.

பூங்காநகர்:
கண்காட்சிக்கும் கூட்டம் வரும். மேல் தளத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்ற எண்ணிக்கையைப் படிக்கட்டு வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும்.