போனியில் கிளியர், குதிரையில் கம்பு விழுகிறது: எங்கே தப்பு?

கேள்வி: வேனில்

மகளுக்கு 14 வயது. இங்கிலாந்தில் குதிரை தடை தாண்டும் போட்டிகளில், 138 செ.மீ. உயரப் போனியில் (சிறு ரகக் குதிரை) 1 மீட்டர் தடைகளை நன்றாகத் தாண்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக 160 செ.மீ. குதிரை, 9 வயது, நன்கு பழகியது. இப்போது 90 செ.மீ. வகுப்பிலேயே கம்பு விழுகிறது. டபுளில் (அடுத்தடுத்து வரும் இரட்டைத் தடை) முதல் தடையைத் தாண்டியதும் இரண்டாவதற்கு மிக நெருங்கிப் போய் முன்காலால் தட்டுகிறது. ஒரே லைனை (இரு தடைகளுக்கு இடையிலான தூரம்) ஒரு முறை 5 ஸ்ட்ரைடில் (குதிரையின் பாய்ச்சல் எட்டு) முடிக்கிறாள், மறுமுறை 6. நடுவில் இருக்கும் 148 செ.மீ. போனி என்ற படியை விட்டுவிட்டு நேரே குதிரைக்கு வந்ததுதான் தவறா? பிட்டை (வாயில் போடும் கடிவாள இரும்பு) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

பதில்: லாடம்

பிட்டைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் சொல்வது ஸ்ட்ரைட் சிக்கல்.

குதிரை வகுப்புகளில் ஒரு கேன்டர் (மிதமான பாய்ச்சல் நடை) ஸ்ட்ரைட் சுமார் 3.65 மீட்டர் என்று வைத்துத்தான் தடைகளை அமைக்கிறார்கள். இறங்க 1.8, ஒரு ஸ்ட்ரைட் 3.65, எழும்ப 1.8, ஆக ஒரு ஸ்ட்ரைட் டபுள் ஏறக்குறைய 7.3 மீட்டர். 138 போனியின் ஸ்ட்ரைட் 3.2 மீட்டர் சுற்றித்தான் இருக்கும். அதனால் தூரம் நீளமாக வந்தபோதெல்லாம் உங்கள் மகள் போனியை விரட்டிப் பழகியிருப்பாள். அதே பழக்கத்தில் குதிரையை விரட்டினால் அது முதல் தடையை நீளமாகத் தாண்டி உள்ளே தள்ளி இறங்கும். மிச்சமிருக்கும் இடம் ஒரு முழு ஸ்ட்ரைடுக்குப் போதாது. காலை மடக்க நேரமில்லாமல் முன்காலில் கம்பு விழும். விரட்டினால் கேன்டர் தட்டையாகவும் ஆகிவிடும். பின்காலில் பாரம் ஏறாத குதிரை சின்ன வெர்ட்டிக்கலையும் (நேர்க்குத்தான தடை) தட்டிவிடும்.

இரண்டு வாரம் தடையே வேண்டாம். தரையில் இரண்டு கம்புகளை 18 மீட்டர் இடைவெளியில் போடுங்கள். முதலில் 4 ஸ்ட்ரைட், அடுத்து 5, திரும்ப 4. அவள் வாய்விட்டு எண்ண வேண்டும். ஐந்து வைக்கும்போது கடைசி நேரத்தில் கடிவாளத்தை இழுத்து ஒரு ஸ்ட்ரைடைச் சொருகினால் அது கணக்கில் சேராது. வளைவிலேயே கேன்டரைச் சுருக்கி, ஐந்தும் ஒரே அளவாக வர வேண்டும். இடம், வலம் இரண்டு பக்கமும் செய்யுங்கள்.

போட்டிக்கு முன் கோர்ஸை (தடைகள் இருக்கும் பாதை) காலால் நடந்து அளக்கும்போதும் அவள் காலடி மாற வேண்டும். தன் காலடி 90 செ.மீ. வருகிறதா என்று டேப் வைத்துப் பழகட்டும். தடைக்கு முதுகு காட்டி நின்று தொடங்கி, இரண்டு காலடி இறங்க, பிறகு நான்கு காலடிக்கு ஒரு ஸ்ட்ரைட், கடைசி இரண்டு காலடி எழும்ப. இரு தடைகளுக்கு நடுவே 24 காலடி வந்தால் அது 5 ஸ்ட்ரைட் லைன். போனிக்கு நடந்த கணக்கை இங்கே வைத்தால் ஒவ்வொரு லைனிலும் ஒரு ஸ்ட்ரைட் கூடிவிடும்.

பதில்: பிடரி

லாடம் சொன்னதோடு இன்னொன்று. விழும் கம்பு முன்காலிலா பின்காலிலா என்று ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். முன்கால் என்றால் மிக நெருங்கி எழும்பியிருக்கும், அல்லது அவள் குதிரைக்கு முன்பே உடலை முன்னே எறிந்திருப்பாள். பின்கால் என்றால் காற்றில் இருக்கும்போதே சேணத்தில் உட்கார்ந்திருப்பாள், அல்லது கை பின்னுக்கு வந்திருக்கும்.

போனியில் இருந்து வரும் பிள்ளைகளிடம் உடலை முன்னே எறிவது அதிகம். போனியின் கழுத்து குட்டை. கொஞ்சம் குனிந்தாலே கை பிடரிக்குப் போய்விடும். குதிரையில் கழுத்து நீளம். உடலை வீசாமல், முழங்கையைத் திறந்து கையை மட்டும் பிடரியின் நடுவரை கொண்டுபோகக் கற்க வேண்டும். அங்கவடியை (கால் வைக்கும் வளையம்) தடையில்லாத பயிற்சியில் வைக்கும் நீளத்தைவிட 2-3 துளை உயர்த்துங்கள். புது பூட்ஸ் வாங்கியிருந்தால் அங்கவடியின் அகலத்தையும் பாருங்கள்: பூட்ஸைவிடச் சுமார் 2.5 செ.மீ. கூடுதல் வேண்டும். குறைந்தால் விழும்போது கால் மாட்டிக்கொள்ளும்.

இதைச் சரிசெய்ய கிரிட் (குறிப்பிட்ட தூரத்தில் வரிசையாக வைத்த தடைகள்) நல்லது. ட்ராட்டில் (கேன்டரைவிட மெதுவான நடை) வந்து, 2.5 மீட்டர் முன்னால் ஒரு தரைக் கம்பு, குறுக்குக் கம்புத் தடை, 5.8 மீட்டரில் 70 செ.மீ. வெர்ட்டிக்கல், அங்கிருந்து 6.5 மீட்டரில் சின்ன ஆக்ஸர் (முன்னும் பின்னும் கம்பு உள்ள அகலத் தடை). ட்ராட்டில் நுழைவதால்தான் தூரம் 7.3-ஐவிடக் குறைவு. ஒன்றொன்றாகச் சேர்த்து கட்டுங்கள்; எடுத்த எடுப்பில் முழு கிரிட்டையும் வைக்காதீர்கள். ஆக்ஸரின் பின்கம்புக்கு சேஃப்டி கப் (தட்டினால் கம்பை விட்டுவிடும் தாங்கி) கட்டாயம். தடையின் அடியில் போடும் கம்பை (2.5 மீட்டர் கம்பு வேறு) தடைக்கு நேர் கீழோ சற்று முன்னாலோ வையுங்கள். பின்னால் தள்ளி வைத்தால் குதிரை தூரத்தைத் தப்பாகக் கணித்து உள்ளே போய்விடும்.

பதில்: மட்டக்குதிரை

148 போனியை விட்டுவிட்டு வந்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். எஃப்.இ.ஐ. (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) போனி வகுப்பில் 12 முதல் 16 வயது வரை சவாரி செய்யலாம். போனி லாடமில்லாமல் 148 செ.மீ., லாடத்தோடு 149. பதினான்கிலேயே கால் நீண்டு, போனியின் விலாவுக்குக் கீழே தொங்கத் தொடங்கினால் 148-இல் அதிக நாள் நிற்க முடியாது. வளர்ச்சி நின்றுவிட்ட பிள்ளைக்கு 148 நல்ல படி. ஸ்ட்ரைட் மாற்றம் அங்கே பாதிதான்.

உயரம் மட்டுமே திறமையைத் தீர்மானிக்காது என்பதற்கு ஸ்ட்ரோலர் இருக்கிறது. போனி அளவுக்குள் அடங்கிய அந்தக் குதிரையோடு மரியன் கோக்ஸ் 1967-இல் இங்கிலாந்தின் ஹிக்ஸ்டெட் டெர்பி தடை தாண்டல் போட்டியை வென்றார், 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தனிநபர் வெள்ளி வாங்கினார். பெரிய குதிரைகளுக்கு அமைத்த தூரங்களை ஒரு போனி அந்த மட்டத்தில் சமாளித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத்தான்.

கேள்வி கேட்டவர்: வேனில்

நன்றி. 18 மீட்டர் கம்புகளை நேற்றே போட்டோம். நான்கு சுலபம், ஐந்தில் குதிரை தலையைத் தூக்கி வாயைத் திறக்கிறது. பிட் கடுமையாக வேண்டாமா?

பதில்: லாடம்

வேண்டாம். வாயைத் திறந்தால் முதலில் பல்லைப் பார்க்க ஆளை அழையுங்கள், சேணம் முதுகில் எங்காவது அழுத்துகிறதா என்று பொருத்துபவரிடம் கேளுங்கள். கடுமையான பிட் போட்டால் குதிரை கழுத்தைச் சுருக்கும். பின்கால் உள்ளே வராது. நீங்கள் தேடுவது பின்கால். ஐந்து வராவிட்டால் நடுவில் 10 மீட்டர் வட்டம் போட்டு கேன்டர் சுருங்கிய பிறகு மறுபடி கம்புக்கு வாருங்கள். ஒரு நாளைக்கு ஆறேழு நல்ல முறை வந்ததும் நிறுத்திவிடுங்கள். தடை தாண்டல் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம், தரை கெட்டியாக இருந்தால் அதுவும் வேண்டாம். ஐந்தும் நான்கும் இரண்டு பக்கமும் அமைதியாக வந்த பிறகு 80 செ.மீ. டபுளை 7.3 மீட்டரில் வைத்துப் பாருங்கள்.