சேற்றில் ஒரு கலைவேலி: அனுபவம் உள்ளவங்க யோசனை சொல்லுங்க

வணக்கம். ஓவியம் வரையறவங்களும் மீன்பிடிக்கிறவங்களுமா ஒரு சின்னக் குழு நாங்க. அலையாத்திக் காடு அழிஞ்சு அரிச்சுப்போன கரையில, மூங்கிலும் சுள்ளியும் வெச்சு மீன்கூட்டம் போற மாதிரி வளைவு வளைவா வேலி பின்னப்போறோம். அழகுக்கு மட்டும் இல்ல. சந்து விட்டுப் பின்னின வேலி அலையோட வேகத்தைத் தணிக்கும். பின்னால வண்டல் படிஞ்சு மேடானா, மிதந்து வர்ற கண்டல் (அலையாத்தி மரம்) விதைங்க தானா ஊன்றும்.

போன தடவை அவசரப்பட்டு நேரா நாற்றையே நட்டோம். சராசரிக் கடல்மட்டத்துக்குக் கீழ இருந்த சேறு. நாள்ல பெரும்பாதி தண்ணிக்குள்ள நின்னு அத்தனையும் செத்துப்போச்சு. பள்ளிப் பிள்ளைங்க நட்டது வேற, அவங்க முகத்தைப் பார்க்க முடியல.

இப்ப கேள்வி: கப்பல்புழு (கடல்ல மரத்தைக் குடையற சிப்பியினம்) மூங்கிலைத் துளைக்காம இருக்க, தாரோ பெயின்ட்டோ பூசாம வழி உண்டா? கட்டுறதுக்குத் தேங்காய்நார்க் கயிறு உப்புத்தண்ணியில எத்தனை மாசம் தாங்கும்? நைலான் வேண்டாம், அறுந்தா நண்டுக்கும் பறவைக்கும் அதுவே கண்ணி. பக்கத்துல மிச்சமிருக்கிற வெண்கண்டல் மரத்தோட, சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கிற மூச்சுவேரை மிதிக்காம முப்பது பேர் வேலை செய்யறது எப்படி? பலகை போடலாமா?

செஞ்சு பார்த்தவங்க, சொதப்பினவங்களும்தான், படத்தோட சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.