மறு: ஏர்லிஃப்ட் ஸ்குவாட்ரனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘விமானப் போக்குவரத்துப் பிரிவு’ என்றே போட்டுவிடலாமே.

போடலாம் சேர், ஆனால் பாதிப் பொருள் உதிர்ந்துவிடும். கட்டுநாயக்காவிலிருந்து துபாய்க்குப் பறப்பதும் விமானப் போக்குவரத்துதான். ஏர்லிஃப்ட் என்றால் பெரும்பாலும் தரைவழி அறுந்த இடத்துக்கு ஆளையும் அரிசியையும் வானால் சேர்ப்பது. 1948இல் மேற்கு பெர்லினுக்குப் போகும் வீதி, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் அடைத்தபோது நிலக்கரிகூட விமானத்தில்தான் போனது. நம் இலங்கை விமானப்படையின் 2ஆம் இலக்கப் பாரப் போக்குவரத்துப் படையணி ஹெர்குலிஸ் சரக்கு விமானம் வைத்திருப்பதும் இந்த வேலைக்கே.

என் பரிந்துரை ‘வான்காவு அணி’. காவுதல் என்றால் சுமந்து செல்லல். ஆம்புலன்ஸுக்கு ‘நோயாளர் காவு வண்டி’ என்பது ஊரெல்லாம் பழகிய சொல்.

ஆனால் அணியின் மூன்று வேலைகளை ஒரே சொல்லால் மூட வேண்டாம். ஓடுபாதையில் இறங்கிச் சரக்கைக் கொடுத்தால் ‘இறக்கி வழங்கல்’. பரசூட்டில் போட்டால் ‘வான்பொழிவு’. 1987 ஜூன் 4இல் இந்திய அன்டனோவ்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் செய்தது அது. ஹெலியின் வயிற்றுக் கொக்கியில் கட்டிக் கொண்டுபோனால் ‘தொங்குசுமை’.

மலைநாட்டில் ஹெர்குலிஸ் இறங்க ஓடுபாதை கிடையாது. கடைசிக் கட்டம் எம்ஐ-17, பெல் 212 ஹெலிகளின் கையில்தான். எம்ஐ-17 உள்ளே ஏறத்தாழ 4 டன் ஏற்றும் என்பது தாழ்நிலக் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறிக்குப் பிடிமானமும் எஞ்சினுக்கு வலுவும் குறையும், சுமையையோ எரிபொருளையோ குறைத்தே ஆகவேண்டும். மத்தியானத்துக்குப் பின் மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை.

தொங்குசுமையில் பாரத்தைவிட உப்பல்தான் ஆபத்து. மெத்தைக் கட்டு, வெறும் தண்ணீர்த் தாங்கி போன்றவை காற்றில் ஊஞ்சலாடும். ஆட்டம் மீறினால் விமானி கொக்கியைத் திறந்து சுமையை விட்டுவிடுவார். ஆகவே லயங்களின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) மேலாகப் பறக்கக்கூடாது. கீழே நிற்பவர் கொக்கியை வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது. பறக்கும் ஹெலியில் நிலைமின் ஏறியிருக்கும். நிலத்தோடு கம்பியால் இணைத்த, அதாவது புவித்தொடுத்த கோலால் முதலில் தொட வேண்டும்.

— ஹட்டனிலிருந்து

> என் பரிந்துரை ‘வான்காவு அணி’

அண்ணே, ‘தொங்குசுமை’ அருமை. ‘காவு’ வேண்டாம். மண்சரிவு நடந்த மறுநாள் பத்திரிகையில் ‘உயிர்களைக் காவுகொண்ட மண்சரிவு’ என்று தலைப்பு வரும். அதற்குக் கீழேயே ‘வான்காவு அணி விரைந்தது’ என்றால்? எங்கள் தோட்டங்களில் காவு என்றால் சாமிக்குக் கிடா வெட்டுவது. ‘வான்சுமப்பு அணி’ என்று வையுங்கள், கொழுந்துக் கூடை தூக்குகிறவருக்கும் விளங்கும்.

‘வான்பொழிவு’ம் இடிக்கிறது. வானிலை அறிக்கையில் மழைப்பொழிவு, ஆலங்கட்டிப் பொழிவு எல்லாம் இருக்கிறதே. ‘வான்வழி இடல்’ போதும்.

இன்னொன்று: ஹெலி விசிறி கீழே தள்ளும் காற்றுக்கும் ஒரு சொல் தேவை. லயக் கூரையில் கல்லும் பழைய டயரும் வைத்து அமுக்கிய தகரத்தை அது தூக்கி எறியும். ‘கீழ்வீச்சு’ என்று எழுதி, தோட்ட மைதானத்தில் ஹெலியை இறக்குமுன் சுற்றியுள்ள தகரங்களைக் கட்டச் சொல்லும் அறிவித்தலில் சேர்க்கலாம்.

— பண்டாரவளையிலிருந்து

‘வான்சுமப்பு’, ‘தொங்குசுமை’, ‘கீழ்வீச்சு’ மூன்றுக்கும் என் ஒப்புதல். ‘வான்வழி இடல்’ கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது, ‘வான்வழிப் பொதியிடல்’ ஆக்கலாமா?

லோட்மாஸ்டர் பாக்கி. ‘சுமை மேலாளர்’ என்றால் அலுவலக நாற்காலி ஞாபகம் வருகிறது. எடையைக் கணக்கிட்டு, ஈர்ப்பு மையம் பிசகாமல் அடுக்கி, பட்டி இறுக்கி, வால்கதவருகே நின்று விமானிக்குக் குரல் கொடுப்பவர் அவர். ‘சுமையாளர்’ என்று முன்வைக்கிறேன்.

— கண்டியிலிருந்து