சம்பளத்தைக் கூட்டியும் ஏன் விலகுகிறார்கள்? மனிதருக்கு உண்மையில் வேண்டியது என்ன?

கேள்வி: கொட்டாஞ்சேனையான்

புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையின் நிர்வாகத்தைப் பார்க்கிறேன். எங்களிடம் பல ஆண்டுகள் விற்பனையில் நின்ற ஒருவர், சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்த பின்னரும் விலகி, வெள்ளவத்தையில் ஒரு சிறிய கடைக்குக் குறைந்த சம்பளத்துக்குச் சென்றுவிட்டார். காரணம் கேட்டபோது, "ஒரு துணிக்குப் பத்து ரூபா குறைப்பதற்கும் மாடிக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தானே வர வேண்டியிருக்கிறது" என்றார். அளவுகோலைக் கையில் பிடித்தபடி அவர் படியேறுவதையும், அவர் இறங்கி வருவதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குள் நுழைந்துவிடுவதையும் நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

உணவு, உறையுள், பாதுகாப்பு ஆகியவை நிறைவேறிய பிறகே மனிதன் மதிப்பையும் தன்னை முழுமையாக்குவதையும் தேடுவான் என்று முகாமைத்துவ வகுப்பில் ஒரு முக்கோணப் படத்தைக் காட்டிக் கற்பித்தார்கள். வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒருவர் சம்பளத்தை விட்டுச் சுதந்திரத்தைத் தேர்ந்ததை அந்தப் படத்தில் எங்கே வைப்பது? அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

மறுமொழி 1: வெள்ளவத்தை வாசகி

அண்ணா, அந்தத் தேவைகளின் வரிசையைச் சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ, ஆனால் அந்தப் படத்தை அவர் வரையவில்லை. அவர் 1943இல் எழுதிய கட்டுரையில் முக்கோணம் எதுவும் கிடையாது. பின்வந்த முகாமைத்துவ நூல்களே அதைப் பரப்பின. தேவைகளின் வரிசை அவ்வளவு இறுக்கமானதன்று என்றும், சிலருக்கு அன்பைவிட மதிப்பே முந்தி நிற்கும் என்றும் அக்கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். சாதாரண மனிதர் ஒருவருக்கு உடற்தேவைகள் 85 வீதமும், பாதுகாப்பு 70 வீதமும், அன்பு 50 வீதமும், சுயமதிப்பு 40 வீதமும், தன்னை முழுமையாக்கும் விருப்பம் 10 வீதமும் நிறைவேறியிருக்கலாம் என்று ஓர் உதாரணத்தையும் தருகிறார். இவை அளந்து பெற்ற எண்கள் அல்ல, விளக்கத்துக்காக அவரே இட்டவை. எல்லாத் தேவைகளும் அரைகுறையாக ஒரே நேரத்தில் நம்மை இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் அவர் சொல்லவந்தது. வகுப்பறைப் படத்தில் காணாமற்போனதும் அதுவே.

2022ஆம் ஆண்டைக் கொழும்பில் கழித்த எவருக்கும் இதற்கு வேறு சான்று தேவையில்லை. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று, மின்சாரமும் இல்லாமல் தவித்த அதே மாதங்களில்தான், காலிமுகத்திடலில் கூடாரம் அடித்துப் போராடியவர்கள் அங்கே ஒரு நூலகத்தையும் நடத்தினார்கள். வயிறு நிறையும்வரை புத்தகம் காத்திருக்கவில்லை.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற கணக்காளர்

தங்கை கூறியது சரியே. ஆயினும் பணத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 1959இல் அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். (எங்கள் தொழிலாளரைப் பற்றியது என்பதால் எனக்கு அதில் தனி ஈடுபாடு.) சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் முதலியவை கெட்டால் மனக்குறை உண்டாகும், அவை சீரானால் மனக்குறை நீங்குமே தவிர உற்சாகம் பிறந்துவிடாது. உற்சாகம் பிறப்பது பொறுப்பிலும், சாதித்தோம் என்ற உணர்விலும், பிறர் அதை ஏற்றுக்கொள்வதிலும்தான் என்றார் அவர். இப்பிரிவு இவ்வளவு துல்லியமானதா என்று பின்னர் பலர் கேள்வி எழுப்பியதும் உண்மையே.

நம் கடைகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய 12 வீதத்தை ஒழுங்காகச் செலுத்துவதால் ஊழியர் எவரும் துள்ளிக் குதிக்கப் போவதில்லை. ஆனால் அது செலுத்தப்படவில்லை என்று தெரியவரும் நாளில், அதுவரை பேசிய நல்ல வார்த்தைகள் அனைத்தும் செல்லாக்காசாகிவிடும். மூட்டை சுமந்து, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் நாட்டாமைகளிடம் போய்ச் "சுயாதீனம் தருகிறேன், கூலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. உங்கள் விற்பனையாளர் சம்பளக் குறைவைத் தாங்க முடிந்ததால்தான் போனார் என்பதையும் மறக்க வேண்டாம்.

மறுமொழி 3: தெகிவளை ஆசிரியை

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட பரிசோதனையையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். புதிர்க் கட்டைகளை விரும்பி அடுக்கிய மாணவர்களுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பின்னர் அதை நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்தது. டெசியும் இன்னோர் உளவியலாளரான ரிச்சர்ட் ரையனும் பின்னர் வளர்த்த கோட்பாடு மூன்று தேவைகளை அடிப்படையாகக் கொள்கிறது: தானே தீர்மானிப்பது, திறமையை உணர்வது, பிறரோடு பிணைந்திருப்பது. உங்கள் ஊழியர் ஒவ்வொரு முறையும் படியேறியபோது இம்மூன்றில் முதலிரண்டும் வாடிக்கையாளரின் கண்முன்னேயே பறிபோயின. ஏற்கனவே பிடித்த வேலைக்குத்தான் டெசியின் முடிவு பொருந்தும். அலுப்பூட்டும் வேலைக்குக் கூலிதான் பேசும்.

கேள்வி கேட்டவர்: கொட்டாஞ்சேனையான்

நன்றி. கணக்காளர் ஐயா சொன்னதை ஏற்று, சேமலாப நிதிப் பதிவுகளை முதலில் சரிபார்க்கிறேன். ஒரு பில்லில் எவ்வளவு வரை கேட்காமலே விலை குறைக்கலாம் என்ற எல்லையைத் தீர்மானிக்க, இந்தப் போயா விடுமுறைக்குப் பிறகு முதலாளியிடம் பேசவிருக்கிறேன். அந்த எல்லையைப் பழையவர்களுக்கு மட்டும் கொடுப்பதா, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் கொடுப்பதா என்பதில் கடை நடத்தும் அனுபவம் உள்ளவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.