மறு: ஷேடோ காப்பிக்குத் தமிழில் என்ன? சார்புப்படி என்று ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம். விண்டோஸில் கோப்பின் முந்தைய நிலையைத் திரும்பப் பெற உதவும் ஷேடோ காப்பி வசதிக்கு என்ன பெயர் வைப்பது என்ற இழைக்கு என் பதில் இது.

> 'நிழற்படி' போதும். மூலத்திலேயே நிழல் இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, மெய்ப்பு பார்ப்பவர் அதை 'நிழற்படம்' என்று திருத்திவிடுவார் என்பது சின்ன வில்லங்கம்தான். எனக்கு அச்சம் தருவது இதே இழையில் வேறொருவர் சொன்ன 'காப்புநகல்'. அந்தப் பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பார்த்தேன்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறை அது. யாருக்கு எத்தனை கிராம் கொடுத்தது, எவ்வளவு திரும்பியது, சேதாரம் என்ன என்பதெல்லாம் ஒரே கோப்பில். வட்டு நிரம்பியதும், இடம் மிச்சமாகட்டும் என்று அங்கு வேலை பார்க்கும் பையன் வட்டின் பண்புகளில் சுருக்குவதற்கான பெட்டியில் குறியிட்டிருக்கிறான். சுருக்கிய கோப்புகள் வட்டெங்கும் சிதறும், கணினி மந்தமானது. உடனே சிதறிய துண்டுகளை அடுக்கும் கருவியையும் ஓடவிட்டிருக்கிறான். பிறகு பழைய எடைக் கணக்கு தேவைப்பட்ட நாளில் ஷேடோ காப்பிகளைக் காட்டும் 'முந்தைய பதிப்புகள்' தத்தல் (டேப்) வெறுமையாக இருந்தது. "காப்பு இருக்கிறது என்றார்களே!" என்றார் பட்டறைக்காரர்.

விண்டோஸ் சர்வர் 2003-இல் பகிர்வுக் கோப்புறைகளுக்காக வந்து, விண்டோஸ் விஸ்டாவோடு மேசைக் கணினிக்கும் இறங்கிய இந்த வசதி கோப்பை முழுதாக நகலெடுப்பதே இல்லை. வட்டில் ஓரிடம் மாற்றி எழுதப்படும்போது, அங்கிருந்த பழைய 16 கிலோபைட்டுத் துண்டை மட்டும் எடுத்து ஒதுக்கிடத்தில் வைக்கிறது. மாறாத பகுதிகளுக்கு இன்றைய வட்டையே காட்டுகிறது. ஒதுக்கிடமும் பெரும்பாலும் அதே வட்டில்தான். அது நிரம்பினால் மிகப் பழையதை முதலில் தள்ளிவிடும், யாரையும் கேட்காது.

சுருக்குவது என்றால் ஒவ்வொரு கோப்பையும் மீண்டும் எழுதுவது. கணக்கில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் துண்டுகளை மட்டுமே பார்க்கும் அந்த வசதிக்கு வட்டே புதிதாகிவிட்டது; பழைய துண்டுகளால் ஒதுக்கிடம் நிரம்பி, முந்தைய படிகள் தள்ளப்பட்டுவிட்டன. இதில் ஒரு கிடுக்கிப்பிடியும் உண்டு. துண்டுகளை அடுக்கும்போது பழைய படிகள் பிழைக்க வேண்டுமானால் கொத்தின் அளவு 16 கிலோபைட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது ஆலோசனை. (வட்டில் இடம் ஒதுக்கப்படும் மிகச் சிறிய அலகான க்ளஸ்டருக்குக் 'கொத்து' என்பதை முன்பே ஏற்றுக்கொண்டோம்.) விண்டோஸ் வட்டுகளின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் தரும் சுருக்கமோ 4 கிலோபைட்டைத் தாண்டிய கொத்தில் வேலையே செய்யாது. ஒரே வட்டில் இரண்டையும் நிறைவேற்ற வழியில்லை.

ஆகவே இதன் பெயரில் 'காப்பு' வரவே கூடாது என்பது என் கட்சி. 'சார்புப்படி' என்று முன்மொழிகிறேன். கையெழுத்துப்படி, அச்சுப்படி, மூலப்படி எல்லாம் புழக்கத்தில் இருப்பதால் 'படி'க்கு வழக்காட வேண்டியதில்லை. 'சார்பு'க்கு இலக்கணமே துணை: சார்பெழுத்து. தொல்காப்பியர் மூன்று என்றார், நன்னூலார் பத்தாக்கினார். எண்ணிக்கையில்தான் பிணக்கு, அவை தனித்து நில்லாதவை என்பதில் இல்லை. 'காப்புப்படி' என்பதை வேறு வட்டிலோ வேறு கட்டடத்திலோ இருப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

> ஏற்காட்டிலிருந்து: கணக்குப் பாடத்தில் சார்பு என்றால் ஃபங்ஷன். நிரலாளர்கள் குழம்புவார்கள். எங்கள் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம்; மரம் சாய்ந்தால் கொடியும் போயிற்று. 'கொடிப்படி' என்றோ 'ஒட்டுப்படி' என்றோ வைத்தால் என்ன? கம்ப்ரெஷனுக்கும் சுருக்கத்தைவிட 'அமுக்கம்' மேல்.

அம்மா, மிளகுக்கொடி மிகப் பொருத்தம். விளக்கக் குறிப்பில் அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் மலையை விட்டு இறங்கினால் கொடி என்பது துணி காயப்போடுவதுதான். ஒட்டு என்றால் சேலத்துக்காரருக்கு ஒட்டு மாங்கன்று. நன்றாகக் காய்ப்பது என்ற நம்பிக்கையைத்தான் அது தரும். நாம் தரக்கூடாத நம்பிக்கை அது. கணித மோதலை மறுக்கவில்லை. ஆனால் கணினி அறிவியல் பாடநூலில் ஃபங்ஷனுக்குச் 'செயற்கூறு' நிலைத்துவிட்டது. 'படி'யோடு சேர்ந்து வரும் சார்பை யாரும் கணிதமாகப் படிக்கமாட்டார்கள். அமுக்கம் ஈழத்துப் பாடநூல்களில் காற்றழுத்தத்தின் அழுத்தம்; சுருக்கமே நிற்கட்டும்.

எச்சரிக்கை வாசகத்தின் வரைவு:

"இந்த வட்டைச் சுருக்கினால் பழைய சார்புப்படிகள் அழியக்கூடும். வேறு வட்டில் காப்புப்படி உள்ளதா என்று முதலில் பாருங்கள்."

'அழியும்' என்று அடித்துச் சொல்லவே ஆசை. ஒதுக்கிடம் பெரிதாக இருந்தால் தப்பிக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் 'கூடும்' போட்டிருக்கிறேன். ஒதுக்கிடம் என்ற சொல்லும் எனக்கு அரை மனதுதான். அது எந்த நேரமும் காலியாகலாம் என்பதைச் சொல்லும் சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே இடுங்கள்.