அம்மாவின் படபடப்பும் பி12-ம்

அறுபது தாண்டியதிலிருந்தே அம்மாவுக்குக் காரணமில்லாத பயம். நான் ஆபீஸிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் கேட்டருகே வந்து நிற்பார், நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்த்துவிடும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். ஈசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல். வயசானால் அப்படித்தான் என்றார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை.

பாதத்தில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டுத்தான் டாக்டர் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு பார்க்கச் சொன்னார். 140. பொதுவாக 200-க்கு மேல் இருக்க வேண்டும். அம்மா சுத்த சைவம், பாலும் அவ்வளவாகச் சேராது, போதாததற்கு வருஷக்கணக்கில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். அந்த மாத்திரை உடம்பு பி12-ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும் என்று அதுவரை யாருமே எங்களிடம் சொன்னதில்லை, நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது. பி12-இன் ஒரு வடிவமான மீதைல்கோபாலமின் ஊசி போட்டு, அப்புறம் மாத்திரைக்கு மாற்றினார்கள். முதலில் களைப்பு குறைந்தது, பிறகு எரிச்சல், மெதுவாக அந்த ராத்திரி விழிப்பும். பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், கவுன்சலிங்கும் கூடவே நடக்கிறது. குறை இருந்தது, நிரப்பினோம், பலன் தெரிந்தது. குறையே இல்லாதவருக்கும் இந்த ஊசி பயத்தைப் போக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

*

அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்த வாசகர் நான். குறையில்லாதவருக்கு பி12 பயத்தைப் போக்காது என்று நீங்கள் சொல்வது சரிதான். இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் தினம் 100 மில்லிகிராம் வைட்டமின் பி6 எடுத்த இளைஞர்களுக்குப் பதற்றம் ஓரளவு குறைந்தது, பி12 எடுத்தவர்களுக்குப் பெரிதாக மாற்றமில்லை. ஆனால் பி6 கதை வேறு. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு என் தம்பி மருந்துக்கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் போட்டான், கால் விரல்கள் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாத நிலைமை. நரம்பு டாக்டர் முதல் வேலையாக அந்த மாத்திரையைத்தான் நிறுத்தினார். நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் பி6 நரம்பையே கெடுக்கும்.

*

நான் வேறொரு வாசகர், இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடி கொட்டுகிறது என்று நான் பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த சமயம், படபடப்புக்காக தைராய்டு டெஸ்ட் எடுத்தால் தைராய்டு அதிகம் என்று வந்தது. டாக்டர் பயோட்டினைச் சில நாள் நிறுத்தச் சொல்லி மறுபடி எடுத்தார், எல்லாம் நார்மல். சில பரிசோதனை முறைகளில் அது ரிசல்ட்டையே புரட்டிவிடுமாம். ரத்தம் கொடுக்கப் போகும்போது சாப்பிடுகிற வைட்டமின் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.